முந்தி வந்த படம்

ஃபோனில் வாண்டு ஓடினாள். ஹால் சோபாவின் ஓரத்திலிருந்து கிளம்பி, டீப்பாயைச் சுற்றி, நடைக்குள் நுழைந்து படத்தைவிட்டு மறைந்தாள். கணக்குப்படி இந்நேரம் அம்மாவின் மடியில் வந்து விழுந்திருக்க வேண்டும்.

விழவில்லை.

அம்மா ஹெட்ஃபோனைக் கழற்றினாள். கதவுக்கு வெளியே நடை காலியாகக் கிடந்தது. மின்விசிறியின் சத்தம், குளியலறைக் குழாயின் சொட்டுச் சத்தம், எங்கோ ஒரு வீட்டில் மிக்ஸி ஓடி நிற்கும் சத்தம். வேறு எதுவும் இல்லை.

அப்புறம்தான் கேட்டது. கீச். கீச். கீச். வாண்டின் செருப்பு. மிதித்தால் கத்துகிற செருப்பு. சத்தம் இப்போதுதான் சோபாவின் ஓரத்திலிருந்து கிளம்பியது. டீப்பாயைச் சுற்றியது. நடைக்குள் நுழைந்தது. வியர்த்த நெற்றியோடு நாலு வயது உருவம் ஒன்று மடியில் வந்து மோதியது.

"அம்மா, நான் இன்னும் வரல!" என்று கூவியபடி ஃபோனை எட்டிப் பார்த்த வாண்டு, முகத்தைச் சுருக்கினாள். "எங்கம்மா நானு?"

ஃபோனில் ஹால் வெறுமையாக இருந்தது.

அந்த வீட்டில் அது ஒரு விளையாட்டு. அம்மா வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். டாக்டர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புகிற நோயாளி விவரங்களைக் கேட்டு எழுத்தில் அடிக்கும் வேலை. காதில் ஹெட்ஃபோன், காலடியில் பெடல். பெருவிரல் அழுத்தினால் டாக்டர் பேசுவார், எடுத்தால் நிற்பார், குதிகால் அழுத்தினால் சொன்னதையே மறுபடி சொல்வார். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டால் வீடு இடிந்தாலும் கேட்காது. அதனால்தான் ஹாலில் வாண்டைக் கவனிக்க சுவர் மூலையில் ஒரு கேமரா. படம் வைஃபை வழியாக இவள் ஃபோனுக்கு வரும். வரும், ஆனால் நாலைந்து நொடி தாமதமாக வரும். உருப்படாத சாமான் என்று அவள் திட்டிக்கொண்டிருந்தபோது வாண்டு அதில் விளையாட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். ஹாலிலிருந்து தலைதெறிக்க ஓடி வந்து மடியில் ஏறி, ஃபோனில் தான் இன்னும் ஹாலில் நிற்பதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பாள். "அம்மா, நான் இன்னும் வரல!" அப்பாவும் வேலைவிட்டு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் அதையே செய்வார்.

இன்று படம் முந்திக்கொண்டது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பழுதைக் கேட்டாலும் முதலில் சிரிப்பான்.

"படம் முன்னாடியே வருதா? அப்ப நாளைக்கு எங்க மேனேஜர் என்ன மூட்ல இருப்பார்னு பாத்துச் சொல்லு டாக்டரம்மா."

"ஏங்க, நான் விளையாடல."

"ஹேங் ஆகுதுடி. பழசும் புதுசும் குழம்பிப் போய் வருது. ரௌட்டர் கிழடு. நமக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாடியிருந்து இருக்கு, இந்த வீட்ல உனக்கே சீனியர். மாத்திடலாம். மாத்திக் குடுக்கறேன்னு கம்பெனிக்காரனே மாசம் ஒரு தடவ கூப்பிடறான்."

ரௌட்டர், நடை ஆரம்பிக்கும் இடத்தில் செருப்பு அலமாரியின் மேல் இருந்தது. வெள்ளையாக இருந்து மஞ்சளாகிப்போன பெட்டி. தொட்டால் காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி சுடும். சூடான தூசியின் வாசனை அதைச் சுற்றி எப்போதும் நிற்கும். இருட்டியதும் அதன் ஆரஞ்சு விளக்கு பின்சுவரில் விட்டு விட்டுத் துடிக்கும்.

அவளுடைய நிம்மதிக்காக அவன் எழுந்துபோய் ஹாலில் கேமராவுக்கு முன் ஒரு குத்தாட்டம் போட்டுவிட்டு வந்தான். அவள் உள்ளறையில் ஃபோனோடு உட்கார்ந்திருந்தாள்.

"தெரிஞ்சுதா?"

"ஆடும்போது வழுக்கி சோபாவப் பிடிச்சீங்க."

"அதான் ஆடினேனே, தெரியாம என்ன?"

"நீங்க இங்கேருந்து எழுந்து போகும்போதே பாத்துட்டேன்."

அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு அவள் நெற்றியில் கைவைத்துச் சூடு பார்த்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஹாலில் ஆடியவன் ஃபோனில் வந்த படத்தைப் பார்க்கவில்லை. நம்ப வேண்டுமானால் உள்ளறையில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவள்தான் உட்கார்ந்திருந்தாள்.

ரௌட்டரை மாற்ற மறுநாளே ஆள் வருவதாக இருந்தது. வரவேண்டாம் என்று சொன்னவளும் அவள்தான். காரணம் இருந்தது. அன்று காலை ஃபோனில் வாண்டு ஹால் ஷோகேஸின் கீழ்த்தட்டில் கால் வைப்பதைப் பார்த்தாள். அடுத்த தட்டு. ஷோகேஸ் மெல்ல முன்னால் சாய்ந்தது. மீதியைப் பார்க்கவில்லை. ஹெட்ஃபோன் ஒயர் இழுத்துத் தெறிக்க, ஹாலுக்கு ஓடினாள். வாண்டு அப்போதுதான் கீழ்த்தட்டில் கால் வைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பைப் பிடித்துத் தூக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். 

இதைப் போய் யாராவது மாற்றுவார்களா?

அதற்குப்பின் அவள் வேலை ஓடவில்லை. டாக்டர் காதில் எதையோ சொல்லிக்கொண்டிருக்க, கண் ஃபோனிலேயே நிற்கும். வாண்டு பாலைக் கொட்டுவதற்கு முன் இவள் துணியோடு போய் நின்றாள். காலிங்பெல் அடிப்பதற்கு முன் எழுந்தாள். கணவன் வீட்டுக்குள் நுழைந்து, "ரௌட்டர் என்னாச்சு?" என்று கேட்பதற்குள், "அடுத்த வாரம் பாத்துக்கலாங்க" என்றாள்.

"நெட்டு விட்டு விட்டு வருது, உன் வேலையும் நாறுது. அதக் கட்டிக்கிட்டு ஏன் அழற?"

"இருக்கட்டும்."

"இருக்கட்டும், இருக்கட்டும். மாமனார் வீட்டு சீதனம் பாரு."

ஆனால் இடைவெளி நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஹால் சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. கேமராவில் அது நன்றாகத் தெரியும். ஃபோனில் தெரிந்த முள், உள்ளறையில் இருந்த இன்னொரு கடிகாரத்தின் முள்ளைவிட முதலில் கொஞ்சம் தள்ளி நின்றது. மறுநாள் இன்னும் தள்ளி. பிறகு நண்பகலில், ஜன்னலுக்கு வெளியே கண் கூசும் வெயில் இருக்கும்போது, ஃபோனுக்குள் ஹால் மங்கிக்கொண்டிருந்தது. சோபாவின் நிழல் நீண்டு கிடந்தது. படத்தில் சாயங்காலம்.

ஒருமுறை துணிச்சலாக ஃபோனை ஹாலுக்கே எடுத்துப்போனாள். அன்று இடைவெளி குறைந்து, படம் கொஞ்ச நேரம்தான் முந்தி இருந்தது. கேமராவுக்கு முன் நின்று ஃபோனைப் பார்த்தாள். படத்தில் அவள் நிமிர்ந்து வலப்பக்கம் திரும்பினாள். திரும்ப மாட்டேன், என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். கழுத்தை இறுக்கினாள். சமையலறையில் என்னவோ உடைந்தது. "அம்மா!"

திரும்பிவிட்டாள். வலப்பக்கம்.

அப்போதுதான் ஷோகேஸ் ஞாபகம் வந்தது. வாண்டு விழுவதை அவள் பார்க்கவேயில்லை. பார்ப்பதற்குள் ஓடிவிட்டாள். கொஞ்சம் நின்று பார்த்திருந்தால் படத்தில் தானே ஓடிவந்து தூக்குவதைத்தான் பார்த்திருப்பாள். அவள் எதையும் தடுக்கவில்லை.



அடுத்த நாள் மத்தியானம் அந்தப் படம் வந்தது.

ஃபோனுக்குள் அந்தி. ஹாலில் விளக்குப் போடவில்லை. சுவரில் ஏதோ பச்சை வெளிச்சம். சோபாவுக்கு முன்னால் ஒருத்தி முட்டி போட்டிருந்தாள். முடி அவிழ்ந்து முகத்தை மறைத்திருந்தது. நைட்டியைப் பார்த்துத்தான் அது தானென்று தெரிந்தது. படத்திலிருந்தவள் குனிந்து சோபாவுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். எழுந்தாள். திரைச்சீலையை உதறினாள். மறுபடி வந்து, கன்னம் தரையில் பட, சோபாவுக்கு அடியில் பார்த்தாள். வாய் திறந்து திறந்து மூடியது. இந்தக் கேமராவில் சத்தம் வராது. ஆனால் அந்த வாயசைப்பு மூன்றே எழுத்து. ஒரு நாளைக்கு நூறு தடவை அவள் கூப்பிடுகிற பெயர்.

வாண்டு. வாண்டு.

பயம் அதிலில்லை. பயம் படத்தின் ஓரத்தில் இருந்தது. நடையின் வாசலில், நிலைப்படியில் சாய்ந்து, வாண்டு நின்றுகொண்டிருந்தாள். வெறுங்காலோடு. அசையாமல். அம்மா தேடுவதைப் பார்த்துக்கொண்டு.

குழந்தை கண்ணெதிரே நிற்கிறது. பிறகு எதைத் தேடுகிறாள்?

"தோடு விழுந்திருக்கும்டி," என்றான் கணவன் ஃபோனில். பின்னணியில் இரும்பு உரசும் சத்தம். "உன் திருகாணி எப்பவுமே லூசு. அதத் தேடியிருப்ப."

"கூப்பிட்டேங்க. அவ பேரைச் சொல்லி."

"சத்தமே வராத கேமரால என்ன கேட்டுச்சு உனக்கு?"

அவள் ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அதத் தூக்கி எறி முதல்ல. தூங்காம கொள்ளாம அதையே பாத்துப் பாத்து நீ ஒரு மாதிரி ஆயிட்ட. நானே இன்டர்நெட்காரனுக்குச் சொல்றேன். சரியா?"

அவள் வாண்டைப் பார்த்தாள். தரையில் குப்புறப்படுத்து, செருப்புக் காலை ஆட்டியபடி யானைக்குப் பச்சை நிறம் அடித்துக்கொண்டிருந்தாள். கீச். கீச்.

பெட்டி இருக்கும்வரைதான் படம் முந்தி வரும். பெட்டி போய்விட்டால்? இன்னும் வராத அந்த அந்தியை வழியிலேயே வெட்டிவிட முடியாதா? மாற்றினால் நின்றுவிடுமா? மாற்றாவிட்டால் நடந்துவிடுமா?  கடைசியில் ஒரு தாய் செய்யக்கூடியதைச் செய்தாள். கண்ணுக்குப் பட்ட பயத்தைப் பிடுங்கி எறிய முடிவு செய்தாள்.

"வரச் சொல்லுங்க. காலைல வரச் சொல்லுங்க. சாயங்காலம் வேணாம்."

அன்றிரவே இரண்டு தோடுகளையும் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினாள். இனி தேடுவதற்கு எதுவும் இல்லை. கேமராவை ஃபோனில் திறக்கவும் இல்லை.

இன்டர்நெட்காரர் மறுநாள் காலையில் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. வெயில் மஞ்சளாகி, ஜன்னல் கம்பிகளின் நிழல் எதிர்ச்சுவரில் ஏறியபோது பெல் அடித்தது. வழுக்கைத் தலை, தோளில் கனமான பை, காதில் ஃபோன்.

"சாரி மேடம். ஒரு வீட்ல எலி ஒயர மொத்தமா தின்னுடுச்சு. எலிக்கு வயிறு ரொம்பிடுச்சு, எனக்குத்தான் இன்னும் சாப்பாடு இல்ல."

"நாளைக்குக் காலைல வச்சுக்கலாமா?"

"நாளைலேருந்து லீவு மேடம். இன்னைக்கு விட்டா பத்துப் பதினஞ்சு நாள் ஆகும்."

பத்துப் பதினைந்து நாள். அத்தனை நாளும் அத்தனை அந்திகள்.

"மாத்திடுங்க."

அவர் நாற்காலி போட்டுச் செருப்பு அலமாரிப் பக்கம் ஏறிச் சுவரைப் பார்த்து நின்றார். "வீட்ல எந்த ரூம்ல சிக்னல் ரொம்ப மோசம்?"

"உள்ரூம்."

"அங்க போய் உக்காந்து ஃபோன்ல ஏதாவது ஓட விடுங்க. கேமரா இருக்குல்ல, அதையே போடுங்க. எப்ப கட் ஆவுது, எப்ப வருதுன்னு சத்தமா சொல்லுங்க."

வாண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்து இடது கையால் வளைத்துக்கொண்டாள். வலது கைக் கட்டைவிரல் ஃபோனின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தொட்டாள்.

ஹால். மங்கிய வெளிச்சம். நாற்காலி மேல் இன்டர்நெட்காரரின் முதுகு. கடிகாரம். நிமிர்ந்து அறைக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

இரண்டும் ஒன்று.

முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. ஹாலில் அவர் இருமினார், படத்தில் அவர் முதுகு அதே கணம் குலுங்கியது.  தானாகவே சரியாகிவிட்டதா? பிறகு எதற்கு மாற்ற வேண்டும்? ஆறின புண்ணை எதற்குக் கீற வேண்டும்? இடது கை தளர்ந்தது.

கேமரா திறந்தால் வாண்டுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

"அம்மா, பாரு!" மடியிலிருந்து நழுவி இறங்கினாள். கீச் கீச் கீச். நடையைத் தாண்டி ஹாலுக்குப் போய்விட்டாள்.

"வாண்டு! ஓடாத, அங்கிள் வேல செய்றாரு!"

ஃபோனில் வாண்டு சோபாவின் ஓரத்தில் போய் நின்றாள். கேமராவைப் பார்த்துக் கை ஆட்டினாள். கிளம்பினாள்.

"கட் பண்றேன் மேடம்!"

"ஐயா, இருங்க, ஒரு நிமிஷம், மாத்த வேணா—"

படம் நின்றது.

டீப்பாய்க்குப் பக்கத்தில் வாண்டு. ஒரு கால் தரையில். ஒரு கால் அந்தரத்தில். முடி பறக்க, வாய் திறந்த சிரிப்பு. அப்படியே நின்றது.

கீச் சத்தம் நின்றுபோயிருந்தது.

அவள் எழப் பார்த்தாள். முடியவில்லை. மடியில் கனம். குனிந்து பார்த்தால் வாண்டு. எப்போது வந்தாள்? நடையில் வந்ததைப் பார்க்கவில்லை. ஓடி வந்தவள் மூச்சு வாங்கவில்லை. நெற்றியில் வியர்வை இல்லை. கழுத்தைச் சுற்றிய கைகள் கழுவி வைத்த தட்டுபோலக் குளிர்ந்திருந்தன.

"செருப்பு எங்கடி?"

"அங்க."

குரல் அவளுடையதுதான். மணம் அவளுடையதுதான், கிரேயான் மெழுகும் பாலும். அவள் குழந்தையின் தலையைத் தன் கழுத்தில் அழுத்திக்கொண்டாள். காலடியில் பெருவிரல் பெடலைத் தேடி அழுத்திக்கொண்டே இருந்தது.

"பச்ச வந்துடுச்சு மேடம்! சூப்பரா இருக்கு. இனிமே பிரச்சனையே வராது." பை தோளில் ஏறும் ஓசை. "பழசக் கம்பெனிக்கு எடுத்துட்டுப் போறேன். பாப்பா, டாட்டா."

மடியிலிருந்து பதில் வரவில்லை. வாசற்கதவு சாத்திக்கொண்டது.

அமைதி. மின்விசிறி. குழாய்ச் சொட்டு. வெளிச்சம் வடிந்துகொண்டே வந்தது.

ஃபோனில் வட்டம் சுற்றியது. படம் வந்தது. ஹால். நாற்காலி போயிருந்தது. டீப்பாய்க்குப் பக்கத்தில் வாண்டு நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பு.

தாமதம். பழையபடி தாமதம். அவ்வளவுதான். நாலைந்து நொடி. இப்போது ஓடி வருவாள். இதோ. நடைக்குள் நுழைவாள். இதோ.

நுழையவில்லை.

ஃபோனிலிருந்த வாண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். நடைப்பக்கம் பார்த்தாள். சிரிப்பு மெல்ல அணைந்தது. வாய் அசைந்தது. அம்மா.

அவள் மடியிலிருந்ததை உதறி எழுந்தாள். கொண்டை அவிழ்ந்தது. நடை. ஹால். யாரும் இல்லை.

"வாண்டு?"

திரைச்சீலையை உதறினாள். ஷோகேஸ் பின்னால் பார்த்தாள். முட்டி போட்டாள். சோபாவுக்கு அடியில் கைவிட்டாள். தூசி. ஒரு பச்சைக் கிரேயான். "வாண்டு! வாண்டு!" முடியை ஒதுக்க நிமிர்ந்தபோது எதிர்ச்சுவர் கண்ணில் பட்டது.

பச்சை வெளிச்சம்.

ஆரஞ்சு இல்லை. அந்தப் படத்திலேயே ஆரஞ்சு இல்லை. அது புதிய பெட்டியின் வெளிச்சம். படம் அன்றைக்கே சொல்லியிருந்தது. அவளுக்குத்தான் புரியவில்லை.

கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள். அதில் அவள் இல்லை. அவள் முட்டி போட்டிருக்கும் இதே இடத்தில், ஆளில்லாத ஹாலில், வாண்டு மட்டும் நின்றாள். அழுதுகொண்டிருந்தாள். திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். வந்தாள். குனிந்தாள். கன்னம் தரையில் பட, சோபாவுக்கு அடியில் பார்த்தாள்.

அம்மாவைத் தேடினாள்.

அவளும் எழுந்து திரைச்சீலையை மறுபடி உதறினாள், திரும்பி வந்து கன்னத்தைத் தரையில் வைத்தாள். இருட்டு.

கீச்.

காதோரம். வெகு அருகில். கையை நீட்டினாள். வெறும் தரை. கீச். கீச்.

நடையின் நிலைப்படியில் வெறுங்கால் ஒன்று தரையில் மெல்ல உரசியது. திரும்பாமலே தெரிந்தது, அங்கே சாய்ந்துகொண்டு நிற்பது.

"அம்மா," என்றது அது, வாண்டின் குரலில், கைகொட்டி. "நான் இன்னும் வரல."